மாவட்டம் பிரிந்ததும் ஃபோல்டரும் பிரிந்தது: காட்பாடிக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

லினக்ஸ் மின்ட் ஏற்றிய பழைய டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், முழுவதும் ஒரே பார்ட்டிஷன். உரிமையாளர் காட்பாடி காந்தி நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தெருவே அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடும், இங்கேயும் சார்தான். பணியில் இருந்த காலத்திலிருந்து அவருக்கு இரண்டு பைத்தியம். நடுகல்லையும் குகைக்கோயிலையும் தேடிப் போய்ப் படம் எடுப்பது ஒன்று. ஆரணி, செய்யாறு பக்கம் பாரதக் கூத்து நடக்கிற ஊர்களில் விடிய விடிய உட்கார்ந்து வீடியோ எடுப்பது இன்னொன்று. என்னிடம் வந்த புகார் ஒரே வரி: “பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன் தம்பி, உள்ள விடாம திரும்பவும் பாஸ்வேர்டே கேக்குது.”

பாஸ்வேர்டு தப்பு என்றால் மின்ட் அதைச் சொல்லிவிடும். திரை ஒரு நொடி கறுத்துவிட்டு லாகின் பக்கத்துக்கே திரும்பினால் முதலில் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நுழையும்போது சிஸ்டம் நம் ஹோம் ஃபோல்டரில் சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லை என்றால் டெஸ்க்டாப் எழும்பாமல் விழுந்துவிடும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே அதே பாஸ்வேர்டு வேலை செய்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்று காட்டியது.

அப்படி நிரம்பியும் கணினி பூட் ஆனதற்குக் காரணம் உண்டு. லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4இல் பார்ட்டிஷனை உருவாக்கும்போதே 5 சதவீத இடம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். 500 ஜிபியில் அது ஏறக்குறைய 25 ஜிபி. ட்யூன்2எஃப்எஸ் கட்டளையால் இதைக் குறைத்து உடனே இடம் பண்ணலாம், பலரும் சொல்லும் முதல் வைத்தியமும் அதுதான். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் நான் அதைத் தொடுவதில்லை. அடுத்த முறை நிரம்பும்போது கணினியைக் காப்பாற்றப்போவது அந்த 25 ஜிபிதான். வெளி ஹார்ட் டிஸ்க்கில் படமும் வீடியோவும் மட்டும் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

முதல் வேலையாக, போனாலும் நஷ்டமில்லாதவற்றை மட்டும் அழித்தோம். நிரல்களை நிறுவும் ஆப்ட் இறக்கி வைத்திருந்த பழைய பேக்கேஜ்கள், ஜர்னல் என்ற பெயரில் சேரும் லாக், கேஷ் ஃபோல்டரில் இருக்கும் தம்ப்நெயில்கள். இவை போனதும் சில ஜிபி கிடைத்தது, லாகின் ஆனது. சாருக்கு அதோடு வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. நான் என்சிடியுவை ஓட்டிக் காட்டினேன். எந்த ஃபோல்டர் எவ்வளவு பெரிது என்று வரிசையாகக் காட்டும் எளிய கருவி அது. டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு மின்ட்டிலேயே டிஸ்க் யூசேஜ் அனலைசர் இருக்கிறது, அதே வேலையை வட்டப் படமாகக் காட்டும்.

இரண்டு பெரிய இடம்பிடிப்பான்கள் தெரிந்தன. ஒன்று குப்பைத்தொட்டி. டிஸ்க் நிரம்புகிறது என்று எச்சரிக்கை வந்ததிலிருந்து சார் ஒவ்வொன்றாக டெலிட் செய்துகொண்டே வந்திருக்கிறார். ஃபைல் மேனேஜரில் டெலிட் அழுத்தினால் ஃபைல் ஹோமுக்குள்ளேயே மறைந்திருக்கும் ட்ராஷ் ஃபோல்டருக்குப் போகும், டிஸ்க்கை விட்டுப் போகாது. பென்டிரைவில் டெலிட் செய்தாலும் இதே கதைதான், அந்தந்த டிரைவில் மறைவாக ஒரு ட்ராஷ் ஃபோல்டர் உருவாகும். “பென்டிரைவுல ஒண்ணுமே இல்ல, ஆனா ஃபுல்லுங்குது” என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று டைம்ஷிஃப்ட். சிஸ்டம் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வப்போது பிரதி எடுத்து வைக்கும் நிரல். இயல்பாக அது ஹோம் ஃபோல்டரைத் தொடாது. இங்கே யாரோ நல்ல எண்ணத்தில் ஹோமையும் சேர்க்கச் சொல்லி டிக் அடித்திருந்தார்கள். கூத்து வீடியோ எல்லாம் அதே டிஸ்க்கில் இரண்டாவது முறை உட்கார்ந்திருந்தது. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்து போகும், ஆகவே அதைப் பேக்கப் என்றும் சொல்ல முடியாது.

இந்த இரண்டையும் காலி செய்தால் கணினி மூச்சு விட்டுவிடும். ஆனாலும் செய்யவில்லை. முதலில் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்து, ஹோம் ஃபோல்டரைக் குப்பைத்தொட்டியோடு சேர்த்து, ஒப்பிட்டு நகல் எடுக்கும் ஆர்சிங்க் மூலம் அப்படியே நகல் எடுத்தோம். ஏ என்ற ஆப்ஷன் போட்டால் ஃபைலின் பழைய தேதி மாறாமல் வரும். சாதாரண சிபி கட்டளையில் ஆப்ஷன் எதுவும் போடாமல் நகல் எடுத்தால் எல்லா ஃபைலும் இன்று பிறந்தது போல ஆகிவிடும், பிறகு தேதியை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அதன் பிறகு டைம்ஷிஃப்டில் இருந்த மிகப் பழைய பிரதியை இப்போதைய ஹோமோடு ஒப்பிட்டோம். ஆர்சிங்க்கில் ‘n’ என்ற ஆப்ஷன் போட்டால் எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். அந்த ஒத்திகைப் பட்டியலில், பழைய பிரதியில் மட்டும் இருக்கிற ஃபோல்டர் ஒன்று வந்தது. ஃபிலிம் காலத்தில் சீயமங்கலத்தில் எடுத்து, பின்னால் ஸ்கேன் செய்த படங்கள். இடம் பண்ணுகிறேன் என்று போனவருடைய கை அதையும் சேர்த்து அழித்து, தொட்டியையும் ஒருமுறை காலி செய்திருக்கிறது. தவறுதலாக டிக் ஆன ஒரு கட்டம் காப்பாற்றிக் கொடுத்தது. அந்த ஃபோல்டரை எடுத்துக்கொண்ட பிறகுதான் டைம்ஷிஃப்ட் பிரதிகளை அழித்து, ஹோமை அதிலிருந்து விலக்கினோம்.

அடுத்தது ஒரே ஃபைல் பல இடத்தில் இருக்கும் சிக்கல். சாரின் மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் வந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சார் லினக்ஸுக்குப் பழகியதே அதில்தான். அது ஓய்ந்தபோது உள்ளே இருந்ததை எல்லாம் ‘பழைய லேப்டாப்’ என்று ஒரு ஃபோல்டரில் கொட்டியிருந்தார். அதன் பக்கத்தில் ‘பென்டிரைவ் காப்பி’, ‘பென்டிரைவ் காப்பி புதுசு’, ‘போன்’, ‘போன் எல்லாம்’. எல்லா வீட்டுக் கணினியிலும் இந்தக் குடும்பம் உண்டு.

ஒரே ஃபைலைக் கண்டுபிடிக்க எஃப்டூப்ஸ், ஆர்எம்லின்ட் என்று கருவிகள் இருக்கின்றன. அளவு ஒன்றா, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஹாஷ் எண் ஒன்றா என்று பார்த்துச் சொல்லிவிடும், பெயர் எதுவானாலும் கவலையில்லை. எதை அழிப்பது என்பதைக் கருவியிடம் விடுவதுதான் ஆபத்து. எடுத்துக்காட்டாக ஒரு ஜோடி. ஒன்றின் பெயர் கேமரா வைத்த டிஎஸ்சி எண். மற்றதன் பெயர் ‘ஏரிக்கரை நடுகல், வலக்கையில் வாள், காலடியில் நாய்’. உள்ளே ஒரே படம். எஃப்டூப்ஸைக் கேட்காமல் அழிக்கச் சொன்னால் பட்டியலில் முதலில் வருவதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழிக்கும். முதலில் வருவது பெரும்பாலும் டிஎஸ்சி எண்தான். சார் கல்லின் முன்னால் நின்று பார்த்ததை எழுதி வைத்த ஒரே இடம் அந்த ஃபைல் பெயர், அது போயிருக்கும்.

அதனால் ஆர்எம்லின்ட்டைப் பயன்படுத்தினோம். அது எதையும் தானாக அழிக்காது. அழிக்கும் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சார் அந்த ஸ்கிரிப்ட்டைத் திறந்து, விடைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு வரி வரியாகப் பார்த்தார். தமிழ்ப் பெயர் இருக்கும் பிரதி தங்கும், எண் மட்டும் இருக்கும் பிரதி போகும் என்பதே விதி.

வாட்ஸ்அப்பில் போய் வந்த படங்கள் இந்த வலையில் சிக்காது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் பார்க்க ஒன்றாக இருந்தாலும் பைட் கணக்கில் வேறு. டிஜிகேம் என்ற படத் தொகுப்பு நிரலில் உள்ள ஒத்த படம் தேடும் வசதி அதற்கு உதவியது. சுருக்கும்போது படம் எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் கழன்றுவிடும். மிஞ்சுவது ஃபைல் பெயரில் இருக்கும் எட்டு இலக்கத் தேதி மட்டும், அதுவும் அனுப்பப்பட்ட தேதி. அந்தப் பெயரை மாற்றும்போது இலக்கங்களை விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான நோய் வெளியே வந்தது. “மகேந்திரவாடி படத்தை எடுங்க சார்” என்றேன். மகேந்திரவர்ம பல்லவன் ஒற்றைப் பாறையில் குடைந்த பெருமாள் கோயில், சார் பலமுறை போய் வந்த இடம். அவர் மூன்று ஃபோல்டரைத் திறந்தார். ‘வடாற்காடு’ ஃபோல்டரில் ஃபிலிம் காலத்து ஸ்கேன்கள். ‘வேலூர் மாவட்டம்’ ஃபோல்டரில் டிஜிட்டல் கேமரா வந்த பிறகு எடுத்தவை. ‘ராணிப்பேட்டை’ ஃபோல்டரில் போனில் எடுத்தவை. 1989இல் வட ஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அரசாணை வரும்போதெல்லாம் சார் கடமை தவறாமல் புதிய ஃபோல்டர் திறந்திருக்கிறார், பழையதிலிருந்து படங்களை நகர்த்தவில்லை. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் படங்கள் மூன்று மாவட்டத்தில் கிடக்கின்றன.

சரி, பழையதை எல்லாம் இன்றைய மாவட்டத்துக்கு நகர்த்திவிடலாமே என்று தோன்றும். சார் கேட்டதும் அதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு இன்னொரு பிரிவினை வந்தால் மறுபடியும் இதே வேலை. அதைவிட முக்கியம், சார் தேடும்போது மாவட்டத்தை நினைப்பதே கிடையாது. பேச்சில் கவனித்தேன். “வள்ளிமலையில அந்தச் சமணர் சிற்பம்”, “திருமலைக்குப் போனப்ப மழை” என்று ஊர்தான் முதலில் வருகிறது. வாயில் முதலில் வரும் சொல் எதுவோ அதுதான் மேல்மட்ட ஃபோல்டராக இருக்க வேண்டும். ஃபோட்டோ, வீடியோ, டாக்குமென்ட் என்று ஃபைல் வகையை வைத்துப் பிரிப்பது கணினிக்குத்தான் சௌகரியம். ஒரே நாளில் எடுத்த படமும், அங்கே பேசிய பூசாரியின் குரல் பதிவும், எழுதிய குறிப்பும் மூன்று மூலைக்குப் போய்விடும்.

ஆக, ‘ஊர்கள்’ என்று ஒரே ஃபோல்டர், அதற்குள் ஊர்ப் பெயர்கள், ஒவ்வொரு ஊருக்குள்ளும் ஆண்டு, மாதத்தோடு தொடங்கும் ஃபோல்டர்கள். மாவட்டம் தேவைப்படும் நேரமும் உண்டு. சார் அவ்வப்போது கட்டுரை எழுதுவார், மாவட்ட வாரியாகக் கேட்பார்கள். அதற்கு லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு தாள்: ஊர், வட்டம், இன்றைய மாவட்டம், முந்தைய மாவட்டம். அந்தத் தாளைப் படித்து ‘மாவட்டப்படி’ என்ற ஃபோல்டரில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சிம்லிங்க் போடும் சின்ன ஸ்கிரிப்ட். சிம்லிங்க் என்பது வழிகாட்டும் சுட்டிதான், படம் ஊர் ஃபோல்டரிலேயே இருக்கும். மாவட்டம் மாறினால் தாளில் ஒரு கட்டத்தைத் திருத்திவிட்டு ‘மாவட்டப்படி’யை முழுதாக அழித்துப் புதிதாக ஓட்டிக்கொள்ளலாம். ஒன்றும் தொலையாது.

கூத்து வீடியோ வேறு வகைத் தலைவலி. கேமரா ஒவ்வொரு கார்டையும் 00000 என்ற எண்ணிலிருந்து தொடங்கும். 4 ஜிபி ஆனதும் ஃபைலை வெட்டி அடுத்த எண்ணுக்குப் போகும், ஏனென்றால் கார்டு ஃபேட்32 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும், அதில் அதைவிடப் பெரிய ஃபைல் நிற்காது. பத்து இரவு பாரதம் எடுத்தால் பத்து 00000 இருக்கும். சார் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வந்திருக்கிறார். ‘இதே பெயரில் ஏற்கனவே இருக்கிறது’ என்று கேட்டபோது, ஏற்கனவே காப்பி ஆகிவிட்டது போல என்று நினைத்து ஸ்கிப் அழுத்தியிருக்கிறார். பிறகு கார்டை ஃபார்மேட் செய்திருக்கிறார். மேசை டிராயரில் ஃபார்மேட் ஆகாத கார்டுகள் சில கிடைத்தன, அவற்றிலிருந்து கொஞ்சம் மீண்டது. ஒரு ஊரின் இரண்டு இரவுகள் எங்கேயும் இல்லை. “போனது போனதுதான், விடு தம்பி” என்றார் சார். சாரின் மனைவி டீச்சரம்மா உள்ளிருந்து, “அதுல ஒண்ணு அர்ச்சுனன் தபசு, அத மட்டும் சொல்ல மாட்டார்” என்றார்.

இருப்பதைப் பிரிக்க எக்ஸிஃப்டூல். வீடியோவுக்குள் பதிவான நேரத்தைப் படித்து, தேதிப்படி ஃபோல்டர் போட்டு நகர்த்தும். நகர்த்தும் முன் ஒத்திகை பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. கூத்து ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்போது முடியும். தேதி நடுராத்திரி பன்னிரண்டுக்கு மாறும். ஆகவே ஒவ்வொரு இரவும் நடுவில் உடைந்து, திரௌபதியை சபைக்கு இழுத்து வருவது ஒரு ஃபோல்டரிலும் அவள் சபதம் போடுவது அடுத்த ஃபோல்டரிலும் விழுந்தது. கல்யாண ஆல்பத்துக்கு எழுதிய வழிமுறை எதுவும் இங்கே செல்லாது.

தீர்வு சுலபம். எக்ஸிஃப்டூலில் குளோபல் டைம் ஷிஃப்ட் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. கழித்தல் 12 என்று கொடுத்தால், படிக்கும்போது மட்டும் எல்லா நேரத்தையும் 12 மணி நேரம் பின்தள்ளிப் பார்க்கும், ஃபைலுக்குள் இருக்கும் நேரம் மாறாது. ராத்திரி பத்து காலை பத்தாகும், மறுநாள் விடிகாலை ஐந்து முந்தின நாள் மாலை ஐந்தாகும். முழு இரவும் ஒரே தேதியில் சேர்ந்தது. பிறகு சார் உட்கார்ந்து பெயர் வைத்தார்: ஆண்டு, மாதம், ‘இரவு 03’, அன்றைய கதை. எண்ணை இரண்டு இலக்கமாக எழுதச் சொன்னேன், 3 என்று எழுதினால் எழுத்து வரிசைப்படி அடுக்கும் பட்டியலில் 10 அதற்கு முன்னால் போய் நிற்கும். ‘சித்திரை’, ‘வைகாசி’ என்று தமிழ் மாதம் வேண்டும் என்றார். தாராளமாக, எண்ணுக்குப் பின்னால் வரட்டும். படுகளம் பகலிலும் தீமிதி பெரும்பாலும் மாலையிலும் நடப்பவை, அவற்றை மட்டும் கையால் பிரித்தோம்.

வேலை முடியும் தறுவாயில் ‘கொணவட்டம்’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க லினக்ஸ் விடாது, ஆனால் இருக்கிறதே! தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது.

யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒரு வழி. கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ்ட்4 இயல்பாக வெறும் பைட்டைத்தான் ஒப்பிடும், எழுத்தைப் பார்க்காது. சாரின் உறவுக்காரப் பையன் பழைய மேக் கணினியிலிருந்து ஒரு ஜிப் ஃபைல் அனுப்பியிருந்தான். அந்தக் கால மேக்கின் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் வைக்கும். கான்வ்எம்வி என்ற கருவியில் என்எஃப்சி ஆப்ஷனைக் கொடுத்தால் எல்லாப் பெயரையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும். அதுவும் முதலில் ஒத்திகைதான் காட்டும், நோடெஸ்ட் என்று தனியாகச் சொன்னால்தான் மாற்றும். இரண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கிய பிறகு அதை ஓட்டினோம். பொ, சோ, கௌ வரும் ஊர்ப் பெயர் எதற்கும் இந்த ஆபத்து உண்டு, தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் இருக்கிறது. ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 85 குறியீட்டைத் தாண்ட முடியாது. சாரின் ‘வலக்கையில் வாள்’ வகைப் பெயர்கள் சில அந்த வரம்பை உரசிக்கொண்டு நின்றன.

பட்டா, வில்லங்கச் சான்று, ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம் ‘காகிதம்’ என்ற ஃபோல்டரில். ஸ்கேன் பிடிஎஃப்களை, படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப்பில் தமிழ் தெரிவு செய்து ஓட்டியதில், தெளிவாக அச்சானவை தேடக் கிடைக்கின்றன, கையெழுத்தில் இருப்பவை கிடைக்கவில்லை. பணிக்காலத்தில் வானவில் எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் அப்படியே இருக்கின்றன. அவை யூனிகோடு இல்லை, தேடினாலும் வராது. வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டோம். குடும்பப் படங்களை ஒழுங்கு செய்யப் போனபோது டீச்சரம்மா தடுத்துவிட்டார். அவருக்கு எது எங்கே என்று தெரியும். அது போதும்.

இறுதியில் குப்பைத்தொட்டியை சாரே திறந்து பார்த்துக் காலி செய்தார். எந்த ஊர் என்று அடையாளம் தெரியாத படங்கள் ‘தெரியவில்லை’ ஃபோல்டரில் இருக்கின்றன. பழைய நண்பர்கள் வரும்போது ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு, தெரிந்ததை ஊருக்கு நகர்த்துகிறார். வெளி டிஸ்க் இப்போது ஆம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறது. அதே அளவில் இன்னொன்று வாங்கி இங்கே வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஆர்சிங்க்கை ஒத்திகையாக ஓட்டி, அழிக்கப்போகும் பட்டியலில் ஏதாவது வருகிறதா என்று பார்த்த பிறகே சார் உண்மையாக ஓட்டுகிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மகள் வரும்போது டிஸ்க்குகள் இடம் மாறும்.